எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள்: போன், நித்திரை, மனம் பற்றி ஒரு மாணவிக்குப் பதில்

கேள்வி: நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். கம்பஸுக்குக் கிட்ட இன்னும் இரண்டு பிள்ளைகளோடு வாடகை அறையில் இருக்கிறேன். இரவு 2.45, 3 மணிக்கு முன்னர் நித்திரை வருவதில்லை. 8 மணி விரிவுரைக்காக 7.15க்கு எழும்புவேன். சனி, ஞாயிறில் 12 மணி வரை படுப்பேன். ஒரு நாளைக்கு 8 மணி 10 நிமிடம் பார்த்ததாகப் போன் காட்டுகிறது. நீல ஒளியைக் குறைக்கும் அமைப்பைப் போட்டேன், கண்ணாடியும் வாங்கினேன், டிக்டொக்கை இரண்டு தரம் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பொதியில் பாதி டேட்டா இரவு 12க்குப் பிறகுதான் வேலை செய்யும். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா வேலை முடிந்து கதைப்பதும் இங்கே 1 மணிக்கு. அப்பா யானைக் காவலுக்கு வயலுக்குப் போவார், அதனால் போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். ஒரு மாதத்துக்கு மேலாக ஒன்றிலும் மனம் செல்லவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது, புள்ளிகளும் இறங்கிவிட்டன. எல்லாத்துக்கும் போன்தான் காரணம் என்று அம்மா சொல்கிறா. தடிமனுக்குக் குடிக்கிற பிரிட்டோனைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்கிறாள் அறைத்தோழி. உண்மையிலேயே போன்தானா காரணம்? நான் என்ன செய்ய வேண்டும்? சில நாள் காலையில், எழும்பாமலே போயிருந்தால் நல்லது என்றும் தோன்றும்.

பதில்:

அன்பின் தங்கைக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ‘எழும்பாமலே போயிருந்தால் நல்லது’ என்பதைக் களைப்பில் வந்த பேச்சாக எடுத்துக்கொண்டு நித்திரைக் கதைக்குப் போய்விட முடியாது. உங்களை நீங்களே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணம் வந்து போகிறதா, அல்லது எப்படி, எப்போது என்ற யோசனையும் கூடவே வருகிறதா? முன்னர் எப்போதாவது உங்களுக்கு நீங்களே தீங்கு செய்ய முயன்றீர்களா? இப்போது அது அனேகமாக ஒவ்வொரு நாளும் வருகிறதா? இதில் ஒன்றுக்காவது ‘ஓம்’ என்றால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிற அறைத்தோழியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள், இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றாலும் இந்தக் கிழமைக்குள் ஒரு வைத்தியரைப் பார்ப்பது அவசியம். கீழே எழுதுவது அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. வைத்தியரிடம் போகாமல் இதை மட்டும் செய்து பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி நித்திரைக்கு வருவோம். நீங்கள் தந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். கிழமை நாளில் 2.45 முதல் 7.15 வரை நாலரை மணிநேரம், ஐந்து நாளுக்கு 22 மணி 30 நிமிடம். சனி, ஞாயிறில் 3 முதல் 12 வரை ஒன்பது மணிநேரம், இரண்டு நாளுக்கு 18. ஆக, கிழமைக்கு 40 மணி 30 நிமிடம். நாளொன்றுக்கு ஆறு மணிநேரம்கூட வரவில்லை. 18 முதல் 25 வயது வரையானவர்களுக்கு 7 முதல் 9 மணிநேரம் வேண்டும்.

கணக்கில் இந்தக் குறையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கிழமை நாளில் உங்கள் நித்திரையின் நடுப்பகுதி காலை 5 மணி. சனி, ஞாயிறில் அது 7.30. இரண்டரை மணிநேர வித்தியாசம். இங்கேயிருந்து கட்டாருக்கு நேர வித்தியாசமும் அதேதான். வெள்ளிக்கிழமை இரவு கட்டாருக்குப் போய், திங்கள் காலையில் விரிவுரைக்கு அறிவியல் நகருக்குத் திரும்பி வருகிற ஒருவரின் உடம்பு என்ன பாடுபடுமோ அதைத்தான் உங்கள் உடம்பு ஒவ்வொரு கிழமையும் படுகிறது. திங்கள், செவ்வாயில் தலை பாரமாக இருப்பதும், புதன் வரைக்கும் ஒன்றும் ஏறாமல் இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

‘வெள்ளெனப் படுத்தால் வராது’ என்று எல்லாரும் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நித்திரையை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, முழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் ஏறுகிற நித்திரை அழுத்தம். அடினோசின் என்ற பொருள் சேர்வது அதில் முக்கியமான பங்கு. மற்றது உடம்பின் உள் மணிக்கூடு. வழமையாக நித்திரை வரும் நேரத்துக்கு முந்திய இரண்டு, மூன்று மணிநேரத்தில் இந்த மணிக்கூடு உடம்பை ஆகக் கூடுதலாக முழிப்பாக வைத்திருக்கும். மூன்று மணிக்குப் பழகிய உடம்புக்கு இரவு 12 முதல் 2 வரைதான் அந்த உச்சம். ஒரு நாள் வைராக்கியமாகப் போனை மூடிவிட்டு 10.30க்குப் படுத்தால் நித்திரை வராது. புரண்டு புரண்டு 12 மணியாகும், ‘எனக்கு இது சரிவராது’ என்று போனை எடுப்பீர்கள். மனவுறுதி இல்லாததால் வந்த தோல்வி அல்ல இது. பிழையான முனையில் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். 20 வயதை ஒட்டித்தான் மனிதருக்கு இந்த மணிக்கூடு ஆகப் பிந்தி ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா 9.30க்குப் படுக்கிறா என்பதற்காக உங்களுக்கும் 9.30க்கு வந்துவிடாது.

நீல ஒளிக்கு ஊரில் தேவைக்கு மிஞ்சிய பெயர். கண்ணின் பின்புறம் பார்வைக்கு அல்லாமல் மணிக்கூட்டுக்காகவே ஒளியை உணர்கிற கலங்கள் உண்டு, அவை நீல ஒளிக்குத்தான் ஆகக் கூடுதலாக அசையும், இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிற மெலடோனின் என்ற ஓமோன் சுரப்பதும் பிந்தும். இவ்வளவும் சரி. ஆனால் அளவைப் பாருங்கள். 2015இல் வெளிவந்த, பொஸ்டனில் செய்யப்பட்ட ஆய்வொன்றில் மங்கலான அறையில் ஐந்து இரவு, படுக்க முன்னர் நான்கு மணிநேரம் ஒளிரும் திரையில் வாசித்தவர்களுக்கு மெலடோனின் நன்றாகவே குறைந்தது. ஆனால் நித்திரைக்குப் போகப் பிந்தியது கிட்டத்தட்ட பத்து நிமிடம்தான். 2021இல் அமெரிக்காவில் 18 முதல் 24 வயதான 167 பேரிடம், திரையை மஞ்சளாக்கும் அமைப்போடு போன் பார்த்தவர்கள், அது இல்லாமல் பார்த்தவர்கள், படுக்க முன்னர் போனே பார்க்காதவர்கள் என்று மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். நித்திரையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. நீங்கள் வாங்கிய கண்ணாடியால் கெடுதல் இல்லை, அதை நம்பியிருக்கவும் வேண்டாம். இன்னொன்று வாங்கக் காசு செலவழிக்காதீர்கள்.

உங்களுடைய நாலு மணிநேரத்தைப் போன் எடுப்பது வேறு இரண்டு வழியில். முதலாவது, அதற்கு முடிவு இல்லை. படத்துக்கு முடிவு உண்டு, பாடக்குறிப்புக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளத் தள்ள வருகிற சின்ன வீடியோக்களுக்கு நிறுத்தும் இடமே கிடையாது. மற்றது, அது மனதைக் கிளப்பிவிடுகிறது. பட்ச் குழுவில் ஒருவர் பெறுபேறு வந்துவிட்டது என்று போடுகிறார், இன்னொருவர் யாரையோ குத்திக் கதைக்கிறார், ஊரில் யாரோ கல்யாணப் படம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சின்ன உலுக்கல். நித்திரைக்கு நெஞ்சுத் துடிப்பும் யோசனையும் தணிய வேண்டிய நேரத்தில் இவை ஏறிக்கொண்டு இருக்கின்றன. எனவே படுக்க முந்திய ஒரு மணிநேரத்துக்கு எல்லாத் திரையும் ஒரே தீங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வீடியோ, குழுச் சண்டை, பெறுபேறு, நாளைய பரீட்சைத் தாள் ஆகியவை ஆகக் கெட்டவை. முடிவுள்ள ஒரு நாடகப் பகுதி அதைவிடப் பரவாயில்லை. திரையை மூடிவிட்டுப் பாட்டோ வானொலியோ கேட்பது தாராளமாகச் செய்யலாம்.

இனிச் செய்ய வேண்டியது. முதல் ஐந்து நாள் எதையும் மாற்ற வேண்டாம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் காலையில் மூன்று நேரத்தை மட்டும் எழுதுங்கள்: விளக்கை அணைத்தது, அண்ணளவாக நித்திரை வந்தது, எழும்பியது. இரவில் மணிக்கூடு பார்க்காமல் காலையில் குத்துமதிப்பாக எழுதினால் காணும். கைக்கடிகாரம் காட்டுகிற ‘நித்திரைப் புள்ளி’ வேண்டாம். அதைப் பார்த்துப் பார்த்தே நித்திரை கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆறாம் நாள் தொடக்கம் எழும்பும் நேரத்தை 7.00 என்று நிறுத்துங்கள். ஏழு நாளும். சனி, ஞாயிறில் கூடிப்போனால் 8.00. இரவு எத்தனைக்குப் படுத்தாலும் இது மாறக்கூடாது. முதல் கிழமையில் இதுதான் முழு வேலை, படுக்கும் நேரத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம். எழும்பி அரை மணிநேரத்துக்குள் வெளியே போய் 20 முதல் 30 நிமிடம் இருங்கள். முற்றம் கூட்டலாம், ஒழுங்கையில் நடக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். சூரியனை நேரே பார்க்கத் தேவையில்லை. ஒளியை அளக்கிற லக்ஸ் கணக்கில், அறைக்குள் விளக்குப் போட்டால் 100, 200தான். மழைக்காலத்து மப்புக் காலையில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உள் மணிக்கூட்டை முன்னுக்கு இழுப்பது இந்த ஒளிதான். இரவில் போனின் ஒளியை மறைப்பதற்குப் படுகிற பாட்டில் பாதியைக் காலை ஒளிக்குப் பட்டால் பலன் பல மடங்கு.

இரண்டாம் கிழமையிலிருந்து படுக்கும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒரு தரம் 20 நிமிடம் முன்னுக்கு எடுங்கள். 2.45, 2.25, 2.05 என்று வர, ஒன்பது படியில், ஏறத்தாழ 18 நாளில், 11.45க்கு வந்துவிடுவீர்கள். நித்திரை முன்னுக்கு வர வர எழும்பும் நேரத்தையும் 6.45, பிறகு 6.30 ஆக்கலாம். கடைசியில் படுப்பதை இன்னும் அரை மணிநேரம் முன்னுக்கு எடுத்து, 11.15க்குப் படுத்து 6.30க்கு எழும்பினால் ஏழேகால் மணிநேரம். ஒரு படியில் இரண்டு நாளும் நித்திரை வரவில்லையென்றால் அதே நேரத்தில் இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள், பின்னுக்குப் போக வேண்டாம். முதல் பத்து நாளும் பகலில் கண் சொக்கும், அது எதிர்பார்த்ததே. அந்த நாட்களில் ஏ-9 வீதியில் ஸ்கூட்டி ஓடாதீர்கள். பகலில் தாங்க முடியாவிட்டால் 3 மணிக்கு முன்னர் 20 நிமிடம் அலாரம் வைத்துப் படுங்கள். ஒரு மணிநேரம் படுத்தால் எழும்பும்போது தலை இன்னும் பாரமாகும், இரவுக்கான அழுத்தமும் கரைந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் மூன்றாவது சனிக்கிழமை. ‘ஒரு நாள்தானே’ என்று 11 வரை படுப்பார்கள். அந்த இரவு நித்திரை 2 மணிக்குத்தான் வரும், திங்கள் பழைய இடத்தில் நிற்பீர்கள். தவறினால் திரும்பத் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஞாயிறு காலையில் வழமையான நேரத்துக்கு எழும்பினால் காணும்.

இரவு டேட்டா பற்றி எழுதியிருந்தீர்கள். பொதியின் பாதி 12க்குப் பிறகு என்பதைப் பார்த்தீர்கள், அது எப்போது முடிகிறது என்பதைப் பார்க்கவில்லை. அனேகமான பொதிகளில் காலை 7 அல்லது 8 மணி வரை அது ஓடும். உங்களுடையது எத்தனை மணி என்று பாருங்கள். காலையில் எழும்பியதும் விரிவுரைப் பதிவுகளைத் தரவிறக்கப் போட்டு, போனை மேசையில் விட்டுவிட்டு வெளியே போங்கள். நீங்கள் வெளிச்சத்தில் நிற்கிற அரை மணிநேரத்தில் அது இறங்கிவிடும். அப்போதுதான் எழும்பியவுடன் கட்டிலில் கிடந்து தள்ளிக்கொண்டிருக்கிற பழக்கமும் விடும். இரவு டேட்டாவைப் படிப்புக்காக வைத்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் 12 மணிக்குப் படிப்பைத்தான் திறக்கிறார்கள் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

அண்ணாவின் அழைப்பு. ரொறன்ரோ நேரம் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணிநேரமும் மாரியில் பத்தரை மணிநேரமும் பிந்தியது. அவர் வேலைக்கு வெளிக்கிட முன்னர், அங்கே காலை 7 மணிக்கு எடுத்தால் இங்கே பின்னேரம் 4.30 அல்லது 5.30. கிழமையில் இரண்டு நாள் அப்படி எடுக்கச் சொல்லுங்கள். நித்திரை பழுதாகிறது என்று காரணத்தையும் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார். அண்ணாவோடு கதைப்பதைக் குறைக்க வேண்டாம். உங்கள் போனில் மனதுக்கு நல்லது செய்கிற பத்து நிமிடங்களில் அதுவும் ஒன்று.

அப்பா காவலில் நிற்கிற இரவில் போனை அணைத்துவிட்டுப் படு என்று யாரும் உங்களுக்குச் சொல்லக்கூடாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அழைப்பு வருவதற்குப் போன் நுளம்பு வலைக்குள் இருக்கத் தேவையில்லை. தொந்தரவு செய்யாதே என்கிற அமைப்பைத் திறந்து அம்மா, அப்பா, அயலில் ஒருவர் என மூன்று இலக்கங்களை மட்டும் விதிவிலக்காகச் சேருங்கள். மணிச் சத்தத்தை முழுதாகக் கூட்டுங்கள். பிறகு போனைச் சார்ஜில் போட்டுக் கதவடியில் வையுங்கள். கட்டிலிலிருந்து எட்டாத தூரமாக இருக்க வேண்டும், வலையைக் கிளப்பி, இறங்கி, நாலடி நடந்தால்தான் கையில் கிடைக்க வேண்டும். அப்பா எடுத்தால் முழு அறையும் எழும்பும். குழுவில் யாரோ சிரிப்புப் படம் போட்டால் ஒன்றும் கேட்காது. எழும்ப அலாரத்துக்குத் தனியாக ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கள். கண்ணாடிக்குக் கொடுத்த காசுக்கு இது உருப்படியான செலவு.

செயலியின் நேரக் கட்டுப்பாட்டை நீங்களே போட்டால் நீங்களே ஒரு தட்டில் தள்ளிவிடுவீர்கள். கடவு இலக்கத்தை அறைத்தோழி போடட்டும், அவளுடையதை நீங்கள் போடுங்கள். டிக்டொக்கை அழிப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். திரும்பக் கடவுச்சொல் அடிக்க வேண்டியிருந்தாலே பாதித் தரம் கை நின்றுவிடும். வட்ஸ்அப் குழுக்களை எப்போதைக்குமாக ஒலியற்றதாக்குங்கள். இரவு 11 மணிக்கு விரிவுரை மண்டபம் மாறினால் என்ன செய்வது என்பீர்கள். மூன்று பேரில் ஒருவர் காலை 6.45க்குக் குழுவைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும், கிழமைக்கு ஒருவராக மாறலாம். அறையின் பெரிய விளக்கு 11 மணிக்கு அணைவது, அதற்குப் பிறகு ஹெட்போன் இல்லாமல் சத்தம் வராதது என்ற இரண்டையும் மூவரும் கதைத்து முடிவெடுங்கள். ஒருவர் மட்டும் திருந்துகிற அறையில் அது நிலைக்காது.

வாடகை அறையில் மேசைக்கு இடம் இல்லாமல் கட்டிலிலேயே படிப்பும் சாப்பாடும் படமும் நடக்கும். அப்போது கட்டிலைக் கண்டாலே மூளை முழிப்புக்குத் தயாராகிறது. படிப்பைத் தரையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்து செய்யுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் கட்டிலில் கால்மாட்டுப் பக்கமாக, தலையணையை எடுத்து வைத்துவிட்டு, நிமிர்ந்து இருந்து படியுங்கள். வலையைக் கீழே விட்டால் நித்திரைக்கு மட்டும். வலைக்குள் போய் 20 நிமிடம் அளவில் வரவில்லை என்று தோன்றினால் எழும்பி வெளியே வாருங்கள். மங்கல் வெளிச்சத்தில் உடுப்பு மடிக்கலாம், நாளைக்குரிய வேலையைத் தாளில் எழுதலாம். கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். இரண்டு, மூன்று தரம் இப்படி நடந்தாலும் பயப்பட வேண்டாம்.

தேநீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நாலரை மணிநேரம் படுக்கிற பிள்ளை பிளேன்ரீ இல்லாமல் ஓடாது. கபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஐந்து, ஆறு மணிநேரம் எடுக்கும். கடைசிக் கோப்பை பின்னேரம் 2 மணிக்கு. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் வாங்குகிற 250 மில்லிலீற்றர் சக்திப் பானத்தில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் கபீன், இரண்டு கோப்பைத் தேநீருக்குச் சமம். கச்சான் காற்றுக் காலத்துச் சூட்டுக்கு, படுக்க ஒரு மணிநேரம் முன்னர் குளித்து, ஃபானைக் காலுக்கு நேரே வைத்தால் உடம்புச் சூடு இறங்கும்.

பிரிட்டோன் வேண்டாம். அது ஒவ்வாமைக்கும் தடிமனுக்குமான குளிசை, மயக்கம் அதன் பக்கவிளைவு. அதில் பாதி உடம்பை விட்டு வெளியேற 20 மணிநேரம் அளவில் எடுக்கும் என்பதால் 8 மணி விரிவுரையில் உங்களோடு கூட இருக்கும். சில நாளிலேயே உடம்பு பழகிவிடும், பிறகு ஒன்று இரண்டாகும். மெலடோனின் குளிசையும் நீங்களாக எடுக்க வேண்டாம். அதில் அளவைவிட எத்தனை மணிக்கு என்பதே முக்கியம், பிழையான நேரத்தில் எடுத்தால் மணிக்கூடு மறுபக்கம் போகும். தேவையென்றால் வைத்தியர் சொல்லட்டும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. மனம் இப்படி இருப்பதற்குப் போன்தான் காரணமா? ‘போன் மட்டும்’ என்று நான் சொல்ல மாட்டேன், அம்மாவுக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். 2019இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவை வைத்துச் செய்த ஆய்வில், மனநலத்தில் ஆளுக்காள் இருக்கிற வித்தியாசத்தில் திரைப் பாவனை விளக்கியது 0.4 வீதத்துக்கு மேல் இல்லை. மறுபக்கம், 2018இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவரைக் கொண்டு பார்த்தபோது, மூன்று சமூக ஊடகங்களை ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு மூன்று கிழமையில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இரண்டையும் சேர்த்து வாசித்தால், எத்தனை மணிநேரம் என்பதைவிட எதைப் பார்க்கிறோம், எந்த நேரத்தில், எதை விட்டுவிட்டு என்பதுதான் கணக்கு. உங்கள் 8 மணி 10 நிமிடத்தில் விரிவுரைப் பதிவும் அண்ணாவும் இருக்கின்றன. இரவு 11 முதல் 2.45 வரையான பகுதிதான் உங்களைத் தின்கிறது.

மனச்சோர்வும் நித்திரையும் ஒன்றையொன்று இழுக்கும். நித்திரை குறைந்தால் சின்னச் சொல்லும் குத்தும். மனம் சோர்ந்தால் படுக்கவும் மனம் வராது, கை போனுக்குப் போகும். எது முதல் வந்தது என்று தேடுவதில் நேரம் போக்க வேண்டாம். வைத்தியர் பார்க்கிற அளவுகோல் இதுதான்: இரண்டு கிழமையாக, அனேகமாக எல்லா நாளும், மனம் தாழ்ந்திருப்பது அல்லது முன்னர் விரும்பியதில் விருப்பம் இல்லாமல் போவது, அதோடு பசி, நித்திரை, களைப்பு, கவனம், தன்னைக் குற்றம் சொல்வது போன்றவற்றில் மாற்றம். உங்களுக்கு ஒரு மாதம் தாண்டிவிட்டது. அதனால்தான் நித்திரையைச் சரிபண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை.

வைத்தியரிடம் இரண்டு விசயம் கட்டாயம் சொல்லுங்கள். களைப்புக்காக இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். உங்கள் வயதுப் பெண்பிள்ளைகளில் இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் பிரச்சினையும் இதே முகத்தோடு வரும், இரத்தம் எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். மற்றது, எப்போதாவது சில நாள் மூன்று, நாலு மணிநேரம் மட்டும் படுத்தும் களைப்பே இல்லாமல், அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு, வேகமாகக் கதைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்களா? இருந்தால் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள், மருந்தே மாறும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வன்னியில் இது கேட்காமல் விடுகிற விசயமல்ல. 2009இல் போரின் கடைசி மாதங்களில் உங்களுக்கு நாலைந்து வயது இருந்திருக்கும். போனை வைத்ததும் வருகிற அமைதிதான் தாங்க முடியாததா? சத்தம், படம், முகங்கள் வருகின்றனவா, கனவில் திடுக்கிட்டு எழும்புகிறீர்களா? அப்படியென்றால் போன் நோய் அல்ல, நீங்கள் கண்டுபிடித்த மருந்து. மாற்று எதுவும் இல்லாமல் அதைப் பறித்தால் இரவு இன்னும் கூடாமல் போகும். மேலே சொன்ன நேர ஒழுங்கைச் செய்யலாம், ஆனால் திரையை மூடிய பிறகு தாழ்ந்த சத்தத்தில் வானொலி ஓடட்டும், மெல்லிய வெளிச்சம் ஒன்றும் இருக்கட்டும். இதை உளவளத்துணையாளரிடம் சொல்லுங்கள். முழுக் கதையையும் முதல் நாளே சொல்லத் தேவையில்லை, ‘இரவில் பழைய நினைவு வருகிறது’ என்ற ஒரு வரி காணும்.

அம்மாவிடம் காட்டுவதற்கு: அம்மா, பிள்ளையின் போனை வாங்கி வைக்காதீர்கள். படிப்பும் அண்ணாவும் அதற்குள்தான் இருக்கிறார்கள். வாங்கி வைத்தால் அவள் உங்களுக்கு மறைக்கப் பழகுவாள், இப்போது அவளுக்குத் தேவையானது மறைக்காமல் சொல்ல ஒரு ஆள். வீட்டுக்கு வருகிற சனி, ஞாயிறில் 8 மணிக்கு எழுப்பி முற்றத்தில் தேத்தண்ணி கொடுங்கள், ‘இரவு என்ன பார்த்தாய்’ என்று கேட்க வேண்டாம். வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களையும் வீட்டில் உள்ள குளிசைகளையும் பூட்டி, திறப்பை உங்களிடம் வைத்திருங்கள். பிள்ளையில் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல, மனம் சோர்ந்த ஒருவர் இருக்கிற எந்த வீட்டிலும் செய்ய வேண்டியது.

தங்கை, கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள். ஐந்து நாள் நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நாள் எழுதியிருந்தாலும் காட்டுங்கள். போனின் பாவனை நேரப் பக்கத்தையும் படமெடுத்து வைத்திருங்கள். ஏதாவது மருந்து, பிரிட்டோன் உட்பட, ஏற்கனவே போட்டிருந்தால் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. நீங்கள் வைத்தியருக்குச் சொல்வதைக் கம்பஸுக்கு யாரும் அறிவிக்கப் போவதும் இல்லை. விரிவுரை தவறுமென்றால் அன்றைய வருகைக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அதில் நோயின் பெயரை எழுத வேண்டாமென்று கேட்கலாம்.